சிந்தியாவுக்கு ஓர் அனுபவச் சான்றிதழ்

மஞ்சக்குப்பம், கடலூர்
09.06.2025

அன்புள்ள சிந்தியா,

நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இன்று முதல் சட்டைப் பையில் ஒரு பேனாவுக்குப் பதில் இரண்டு பேனா வைத்துக்கொள்வேன். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. இதன் சாதக பாதகங்களைச் சாயங்கால நேரங்களில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடந்தபடி எடைபோட்டேன். எங்கள் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் பேனாவுக்கு வேலையே கிடையாது, எல்லாம் டேப்லெட்டில்தான். ஆனாலும் ஒற்றைப் பேனாவுடன் கதவைத் தட்டினால் ஜனங்கள் என்னைத் தண்ணீர் கேன் பணம் வாங்க வந்தவன் என்று நினைக்கிறார்கள். இரண்டு பேனாவும் கழுத்தில் அடையாள அட்டையும் இருந்தால் நாற்காலி போடுகிறார்கள்.

இன்னொரு முடிவு, இனி போனில் பேசாமல் கடிதம் எழுதுவது. நீ போனை எடுக்கும்போதெல்லாம் நம் ஜெராக்ஸ் கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள். “ரெண்டு பக்கமுமா?” என்று நீ கேட்பது என்னையா அவர்களையா என்று தெரிவதில்லை. வீட்டில் இருந்தால் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாம் தனியாகப் பேச மிச்சமிருக்கும் இடம் ஒரு வெள்ளைத்தாள்தான் போலிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் கதிர்வேல் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறான். சாயங்காலம் கடைப்பக்கம் இறங்கிக் கொடுத்துவிடுவான்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்பந்த வேலைதான், ஆகஸ்ட் வரைக்கும்தான். இருந்தாலும் ஊரில் யார் வேலையில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தீர்மானிக்கிற இடத்தில் நான் இருக்கிறேன். ‘வேலையில் இருப்பவர்’ என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் போதும். சம்பளம் வாங்காமல் குடும்பத் தொழிலில் கைகொடுத்தாலும் அது வேலைதான். பயிற்சியில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டேன்.

நேற்று தேவனாம்பட்டினத்தில் ஒரு வீடு. அந்தம்மா, “நான் வூட்ல சும்மாதாங்க கீறேன். அவுருதான் மீன் யாவாரம்” என்றார். சொல்லும்போதே ஒரு அன்னக்கூடை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பொறுமையாக, “யாவாரத்துக்குத்தானே எடுக்குறீங்க? அப்ப நீங்களும் வேலையில இருக்கீங்கம்மா” என்றேன். அவர் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். சமுதாயத்துக்கு நம்மால் முடிந்தது.

அட்மிஷன் சீசன். கடையை எட்டு மணிக்கே திறந்துவிடு. டோனர் இருக்கிறதா பார்.

உன் அன்புக் கணவன்,
ஆரோக்கிய ஜெகன்


சிதம்பரம்
13.06.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பேனா விஷயம் அறிந்து சந்தோஷம். கடையில் நம் ஸ்டாக்கிலிருந்து எடுத்தவையா என்று மட்டும் சொல்லுங்கள், இருப்பில் கழிக்க வேண்டும்.

கடையை ஏழரைக்கே திறக்கிறேன். போன வருஷமும் அப்படித்தான். டோனர் இருக்கிறது. மிஷின் மதியத்துக்கு மேல் சூடாகி, பேப்பரை மடித்து வெளியே துப்புகிறது. பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால் சரியாகிவிடுகிறது. ஆனால் ஃபேன் மிஷினுக்குப் போய்விட்டால் எனக்கு இல்லை. அண்ணாமலை நகர்ப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் பைண்டிங்குக்கு வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் கடைசி நாள் நாளைக்குத்தான்.

அத்தை சுகம். வேளாங்கண்ணிக்கு மறுபடியும் எனக்காக நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். நமக்காக என்று சொல்வதில்லை.

ஒரு முக்கியமான விஷயம். கடலூர் முதுநகரில் என் அக்கா நித்யா மேரி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே ஸ்டோருக்குப் பொறுப்பாக ஒரு ஆள் தேடுகிறார்கள். பெட்டி, லேபிள், பாலிதீன் பை எல்லாம் ஆர்டர் போடுவது, இருப்பு வைப்பது, கணக்கு முடிப்பது. பி.காம். படித்திருக்க வேண்டும், ஐந்து வருஷ அனுபவம் வேண்டும். இரண்டும் என்னிடம் இருக்கிறது. மாமா இறந்ததிலிருந்து கடையின் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜூலை ஐந்தாம் தேதி இண்டர்வியூ. அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்கள். லூர்து ஸ்டேஷனரி ஓனர் நீங்கள். லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கதிர்வேல் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். இத்துடன் லெட்டர்பேடில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று தப்பாகிவிட்டால் இன்னொன்று.

இந்த வேலைக்கு நான் போக வேண்டும். யாரோடும் கோபித்துக்கொண்டு அல்ல.

சிந்தியா


மஞ்சக்குப்பம்
18.06.2025

அன்புள்ள சிந்தியா,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். படித்துவிட்டு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தவன், ராச்சாப்பாட்டுக்கு மெஸ் மூடுகிற நேரத்துக்குத்தான் நின்றேன். இந்த ஊரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்காக இந்த ஊரைவிட்டு வரவும் மனசில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன், நீ அவசரப்படக் கூடாது என்பதற்காக. வேலை தேடுவது என்பது சாதாரண விஷயமல்ல. வேலையில் இருப்பவர்களும், வேலை இல்லாமல் தேடிக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்துதான் ‘தொழிலாளர் படை’. இந்தப் படையில் வேலை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் ‘வேலையின்மை விகிதம்’. தேடுவதை விட்டுவிட்டு, வேலையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டவன் படையிலேயே கிடையாது. வேலை இல்லாதவர்கள் கணக்கிலும் அவன் வரமாட்டான்.

உதாரணம் சொல்கிறேன். என் பக்கத்து அறை இளவரசு, எம்.ஏ. வரலாறு. இரண்டு வருடமாக எல்லாத் தேர்வும் எழுதினான். அதுவரை அவன் வேலையில்லாதவன். போன மாதம், “போதும் சார், இனிமே யார் கூப்ட்டாலும் நான் போறதா இல்ல” என்று படுத்துவிட்டான். அந்த நிமிடமே தொழிலாளர் படையிலிருந்து விலகிவிட்டான். கடலூர் மாவட்டத்தின் வேலையின்மை அவன் பங்குக்குக் கொஞ்சம் குறைந்தது. இதை அவனிடம் சொன்னேன். “ஏதோ நம்மால ஆனது சார்” என்றான்.

இப்போது உன் விஷயம். மனைவிக்குக் கணவன் அனுபவச் சான்றிதழ் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கம்பெனிக்காரன் படித்துவிட்டு என்ன நினைப்பான்? இந்த ஆள் பெண்டாட்டியை வேலைக்காரியாக வைத்திருந்தான் என்று நினைக்கமாட்டானா? உன் மரியாதையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ போனால் கடையை யார் பார்ப்பது என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. ஆனால் அது இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. நம் தெரு கணக்கெடுப்பில் வந்திருக்கிறது. நம் வீடும் தேர்வாகியிருக்கிறது. சொந்த வீட்டை நானே எடுக்கக் கூடாது என்பதால் கதிர்வேல் வந்தான். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவன் போனபோது நீ வீட்டில் இல்லை. அம்மா கொஞ்சம் சொல்லிவிட்டுப் எனக்குப் போன் போடச் சொன்னாளாம். நீ அலையக் கூடாது என்று உன் விவரத்தையும் நானே சொல்லி முடித்துவிட்டேன். எனக்கு ‘மாதச் சம்பளம்’. அம்மாவுக்கு ‘முதியவர்’. உனக்கு ‘வீட்டு வேலை மட்டும்’. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இவ்வளவு ஒத்துழைப்புத் தந்த குடும்பத்தைப் பார்த்ததில்லை என்று கதிர்வேல் சொன்னான்.

அன்புடன்,
ஜெகன்


சிதம்பரம்
21.06.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைக் கதிர்வேல் தம்பி கடையில் கொண்டுவந்து கொடுத்தபோது வரிசையில் ஒன்பது பேர். அவரும் நின்றார். அவருடைய ரேஷன் கார்டு, அவர் அம்மாவின் ஆதார், இரண்டையும் இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன். “அண்ணி, சில்லற இல்ல, நாளைக்குத் தரட்டா?” என்றார். சரி என்றேன். அவர் போனபிறகு கூட்டம் குறைந்ததும் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

மறுநாள் சில்லறையோடு வந்தார். அவரிடம் கேட்டேன்.

“தம்பி, நான் இப்ப இன்னா பண்றேன்?”

“ஜெராக்ஸ் எடுக்குறீங்க அண்ணி.”

“நேத்து?”

“நேத்தும்தான். எங்கம்மா ஆதார் கூட நீங்கதான...”

“போன திங்கக்கெழம பதினோரு மணிக்கு நான் வூட்ல இல்லயே, எங்க போயிருப்பேன்?”

அவருக்குப் புரிந்துவிட்டது. காதெல்லாம் சிவந்துவிட்டது, பாவம். “அண்ணி, நான் அண்ணன கேட்டேன் அண்ணி. கடைன்னு ஒண்ணு இருக்கேன்னேன். அது எம் பேர்ல இருக்கு, அவ சும்மா வந்துட்டுப் போவான்னாரு. அவுரு எனக்கு சீனியரு. நான் இன்னா பண்றது?”

டீ வாங்கிக் கொடுத்தேன்.

தேவனாம்பட்டினத்தில் மீன் செதில் எடுத்த அம்மாவை நீங்கள் பொறுமையாகத் திருத்தியதாக எழுதியிருந்தீர்கள். ஒரு மணி நேரம் போதும் என்றும் நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையதைக் காலை ஏழரை மணிக்கு ஆரம்பித்து எட்டரை மணிக்கே முடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மீதி நேரம் முழுக்க ‘வீட்டு வேலை மட்டும்’ என்று வைத்துக்கொள்கிறேன்.

என் மரியாதையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நன்றி. கதிர்வேல் தினமும் பஸ்ஸில் வந்து போகிறார், நீங்கள் ஏன் அறை எடுத்தீர்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கடைக்குள் நிற்கிறபோது உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். மாமா இருந்த காலத்திலேயே வாசலில் நின்றுதான் பேசுவீர்கள். நீங்கள் அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். அதே மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

இண்டர்வியூவுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. நாலு வரி.

சிந்தியா


மஞ்சக்குப்பம்
27.06.2025

அன்புள்ள சிந்தியா,

கதிர்வேல் இரண்டு நாளாக என்னை நேராகப் பார்ப்பதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறான். அலுவலக ஒற்றுமை கெடுகிறது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விஷயம் கையை மீறிப் போகவில்லை. அதே வீட்டுக்கு அடுத்த மாதமும் போவோம், அதற்கடுத்த மாதமும் போவோம். அப்போது திருத்திக்கொள்ளலாம். சரியாகப் போட்டால் நீ ‘குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்’ என்று வருவாய். கேட்க அவ்வளவு நன்றாக இல்லை என்பதால்தான் நான் அன்றைக்குத் தவிர்த்தேன் என்று நினைக்கிறேன். எனக்கே நிச்சயமில்லை. போன் வந்தபோது செம்மண்டலத்தில் ஒரு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு வீடு பூட்டியிருந்தது. எட்டாவது வீட்டில் நாய். கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். இதை நீ நம்ப வேண்டும். முதல் தாளில் இப்படி வந்தது:

‘திருமதி சிந்தியா என் மனைவி ஆவார். எங்கள் கடையில் அவ்வப்போது இருந்து உதவி வருகிறார். அவரது நடத்தை நன்று.’

படித்துப் பார்த்தால் காணாமல் போனவர்களைப் பற்றிப் போலீஸில் எழுதிக் கொடுப்பது போலிருந்தது. கிழித்துவிட்டேன். இரண்டாவது தாளில் ‘முழுப் பொறுப்பும் இவரே’ என்று எழுதினேன். எழுதியதும் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. முழுப் பொறுப்பும் இவர் என்றால், இத்தனை வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கையெழுத்துப் போடுகிற இடத்தில் என் பேரை எழுதிவிட்டுக் கீழே ‘உரிமையாளர்’ என்று போட வேண்டும். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

இப்படி யோசித்தேன். ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்தாலும் நீட்டிப்பார்கள். அது தெரிந்துவிட்டால் கடைக்கு ஒரு ஏற்பாடு செய்யலாம். பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், நானே எழுதித் தருகிறேன். அதுவரை பொறு. இறால் எங்கே போய்விடும்?

அம்மாவிடம் நான் போனில் பேசினேன். “அவளுக்கு இன்னாடா கொற? நிழல்ல ஒக்காந்திருக்கா” என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனித் திருமஞ்சனக் கூட்டம் வரும். தேர் அன்று சந்துக்குள் வண்டி வராது, பேப்பர் லோடை முன்னாடியே இறக்கிக்கொள்.

ஜெகன்


சிதம்பரம்
19.07.2025

அன்புள்ள உங்களுக்கு,

லோடை முன்னாடியே இறக்கிவிட்டேன். அந்த லோடோடுதான் வேறொன்றும் வந்தது.

நமக்குப் பேப்பர் போடும் பண்ருட்டி தேவசகாயம் அண்ணனை உங்களுக்கு முகம் தெரியுமா என்று தெரியவில்லை. அன்றைக்கு லாரியில் அவரே வந்திருந்தார். நான் ரீம் எண்ணிக்கொண்டிருந்தேன். “இன்னாம்மா, மொகம் ஒரு மாரி கீது?” என்றார். சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். லாரி சீட்டுக்கு அடியிலிருந்து அவர் ஏஜென்சி லெட்டர்பேடை எடுத்து, நம் கவுண்ட்டரிலேயே வைத்து எழுதிக் கொடுத்துவிட்டார். ‘ஐந்து வருடமாக லூர்து ஸ்டேஷனரி என்றால் எங்களுக்கு இந்த அம்மாதான். ஆர்டர் தவறியதில்லை, பில் நிலுவை வைத்ததில்லை. உரிமையாளரை நான் பார்த்ததில்லை.’ கடைசி வரியை எடுத்துவிடுங்கள் அண்ணே என்றேன். “உண்மதானம்மா?” என்றார். விட்டுவிட்டேன்.

இண்டர்வியூவில் மேனேஜர் அதைப் படித்தார்.

“ஓனர்கிட்ட வாங்கலயாம்மா?”

“ஓனர் வெளியூர்ல இருக்காரு சார்.”

“எந்த ஊரு?”

“கடலூர்.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எண்ணூறு பெட்டி, ஒரு பெட்டிக்கு நாலு லேபிள், பத்து சதவீதம் சேதாரம், எத்தனை லேபிள் ஆர்டர் போடுவாய் என்று கேட்டார். சொன்னேன். வரும் திங்கட்கிழமை சேர்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து கடை திறக்கப் புறப்படும்போது கதிர்வேல் தம்பி டேப்லெட்டோடு வந்தார். அத்தை பதில் சொல்ல நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நானே பதில் சொல்கிறேன் அத்தை என்றேன். போன வாரம் எத்தனை நாள் வேலை என்று தம்பி கேட்டார். ஏழு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்றார். சொன்னேன். சம்பளம் என்றார். இல்லை என்றேன்.

“அண்ணி, அப்ப உதவியாளர்னுதான் போட முடியும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதுல இன்னா தம்பி தப்பு? போன மாசத்துக்கு இது ப்ரமோஷன்.”

அத்தை இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தம்பி போனபிறகு, “நெசமாவே ஏழு நாளுமா போற?” என்றார்கள். பக்கத்து அறையில்தான் ஆறு வருஷமாக இருக்கிறார்கள்.

முதுநகரில் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒரு ஹால், ஒரு ரூம், தண்ணீர் நல்ல தண்ணீர். பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இந்தக் கையெழுத்து நானே போட்டது. உங்கள் மஞ்சக்குப்பம் அறையிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. அந்த அறையைக் காலி செய்துவிட்டு அங்கே வரலாம். உங்கள் வேலையை விட வேண்டியதில்லை. கடைக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போட்டால் போதும். அத்தையையும் அழைத்து வாருங்கள், ஹாலில் கட்டில் போட இடம் இருக்கிறது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. மூன்று பேரும் இருக்கலாம் என்றுதான் அந்த வீட்டைப் பார்த்தேன்.

கடைச் சாவி அத்தையிடம் இருக்கிறது. மிஷின் மதியத்துக்கு மேல் சூடாகும்.

வருகிறீர்களா என்று எழுதுங்கள். வருவதாக இருந்தால் எழுதக் கூட வேண்டாம், வந்துவிடுங்கள்.

சிந்தியா


சிதம்பரம்
24.08.2025

அன்புள்ள சிந்தியா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடம் மாறியிருப்பதைத் தேதிக்கு மேலே பார்த்திருப்பாய்.

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே கடைக்கு ஆள் தேட ஆரம்பித்தேன். இதை நீ நம்ப வேண்டும். மறுநாள் முதுநகருக்கும் வந்தேன். உன் தெரு முனை வரைக்கும் வந்து, அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆள் கிடைத்த செய்தியோடு வரலாம் என்று நினைத்தேன்.

இளவரசுவிடம் கேட்டேன். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். “என்ன வேலை சார்?” என்றான். சொல்லிக்கொண்டே போனேன். நான் சொல்லி முடிக்கும்போது அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது. “இது ரெண்டு ஆளு வேல சார். ஒரே ஆளுன்னா பன்னண்டாயிரம், ஞாயித்துக்கெழம லீவு” என்றான். இதுவரை அந்த வேலைக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் கேட்டான். அது வேறு விதமான ஏற்பாடு என்றேன். அம்மாவிடம் சம்பளத்தைச் சொன்னேன். “அந்தக் கடைக்கு இன்னா வேல கீதுன்னு பன்னண்டாயிரம்?” என்றாள். வேறு மூன்று பேரைக் கேட்டேன். ஒருவன் பதினைந்து சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இதற்குள் கடை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. என் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கடிதம் வந்தது, இன்னும் ஆறு மாதத்துக்கு. அதைப் பையில் வைத்துக்கொண்டு மைதானத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் வாடகை கேட்டுப் போன் செய்தார். அம்மா போன் செய்தாள். கட்டிலை முதுநகரில் போட முடியாது, இந்த வீட்டில்தான் அப்பா செத்தார், இதைவிட்டு வரமாட்டேன் என்றாள். நான் கையெழுத்துப் போடாமல் அந்தக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது கழுத்தில் ஏதோ குறைவது போல இருந்தது.

இப்போது கடையில் நான்தான். இதற்கு ‘சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர்’ என்று பெயர். மாதச் சம்பளக்காரர் ஒருவர் குறைந்து, மாதச் சம்பளக்காரர் ஒருவர் கூடியிருக்கிறார். மாவட்டக் கணக்கில் ஒரு வித்தியாசமும் வராது.

மிஷின் மதியத்துக்கு முன்னாலேயே சூடாகிறது. ஃபேனைத் திருப்பிவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, ஃபேன் அங்கே போய்விட்டால் நிற்கிற ஆளுக்குக் காற்றே கிடையாது. பிள்ளைகள் வந்து, “அக்கா இல்லீங்களா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் பைண்டிங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தேவசகாயம் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க புதுசா?” என்றார்.

இத்துடன் அனுபவச் சான்றிதழ் இருக்கிறது. ஒரே தாளில் தப்பில்லாமல் வந்துவிட்டது. கொள்முதல், இருப்பு, கணக்கு, பைண்டிங், மிஷின் பராமரிப்பு, எல்லாம் முழு நேரம், வாரம் ஏழு நாள், 2020 முதல் என்று எழுதியிருக்கிறேன். ஊதியம் என்ற இடத்தில் ‘வழங்கப்படவில்லை’ என்று இருக்கிறது. கீழே உரிமையாளர் என்று போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உனக்கு இது இப்போது தேவைப்படாது. எதற்கும் ஃபைலில் வைத்துக்கொள்.

இன்று காலை கதிர்வேல் வந்தான். இந்த மாதக் கணக்கெடுப்பு. அம்மா பூசைக்குப் போயிருந்தாள். நான் நாற்காலி போட்டேன்.

“அண்ணே, மொதல்ல வூட்ல யார் யார்னு கேக்கணும்” என்றான். “அண்ணி எப்ப வருவாங்க?”

இதை எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போனவர் ஆறு மாதத்துக்குள் திரும்புவார் என்றால் அவர் அந்த வீட்டுக்காரர். அதற்கு மேல் வேறிடத்தில் தங்குவார் என்றால் அவர் அங்கே கணக்கு. நானே இந்தக் கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். மஸ்கட்டுக்குப் போன பிள்ளைகளையும், அம்மா வீட்டுக்குப் போன மருமகள்களையும் பற்றி. உடனே பதில் சொல்லாமல் சுவரைப் பார்ப்பவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வரும்.

கதிர்வேல் அவசரப்படுத்தவில்லை. “நீங்க மெதுவா சொல்லுங்கண்ணே, எனக்கு அடுத்த வூடு பக்கத்துலதான்” என்றான்.

உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பதினொரு மாதம் என்று எழுதியிருந்தாய். அதைச் சொன்னேன். நம் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர் என்று பதிவு செய்துகொண்டு போனான்.

ஜெகன்